நம் வரியை நாமே கணக்குப் பார்க்க ஒரு சின்ன ஷீட்

இங்கே மலேசியாவில் பிப்ரவரி முடியும்போது கம்பெனிகள், போன ஆண்டின் சம்பளத்தையும் பிடித்தங்களையும் காட்டும் இ.ஏ. பாரத்தைக் கொடுக்கும். அப்போதிருந்து ஏப்ரல் கடைசி வரை எங்கள் வீட்டு வாசலில் செருப்புகள் அதிகமாகவே கிடக்கும். நான் ஓர் எண்ணெய் ஆலையில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெஸ்தாரி ஜெயாவில் வீடு. "அக்கா, இத மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று பாரத்தை நாலாக மடித்துக் கொண்டுவரும் தம்பி தங்கைகளில் பாதிப்பேர் முதல் தலைமுறையாக வருமான வரிக்குள் வருகிறவர்கள். சுற்றிலும் செம்பனைக் காடு இருந்தாலும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள் இப்போது குறைவு. விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறி ராவாங் பக்கமும் புஞ்சாக் ஆலம் பக்கமும் போகிறார்கள். ஓவர்டைம், போனஸ் சேர்ந்தால் வரி வரம்புக்குள் வந்துவிடுகிறார்கள்.

வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. அதனால் சிலர் யாரிடமாவது காசு கொடுத்துப் பாரத்தை நிரப்பிக்கொள்கிறார்கள். என்ன நிரப்பினார்கள் என்று கேட்டால் தெரியாது. எங்கள் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். அன்றன்றைக்கு எத்தனை கிலோ பால், மாதத்தில் எத்தனை நாள் பேர் விழுந்தது (வேலைநாளாகக் கணக்கில் ஏறியது) என்று ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பார். சம்பள நாளில் கிராணி (தோட்டத்து எழுத்தர்) கொடுக்கும் துண்டை அந்த நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கடைக்குப் போவார். நான் இங்கே சொல்லப்போகும் ஷீட் அந்த நோட்டு செய்த வேலையைத்தான் செய்யும்.

வருமான வரி வாரியத்தின் மைடாக்ஸ் தளமே வரியைக் கணக்கிட்டுக் கொடுக்கிறதே, தனியாக ஷீட் எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தளம் நீங்கள் போட்ட எண்ணைத்தான் கூட்டிக் கழிக்கும். நீங்கள் போட மறந்ததை அது கேட்காது. அதோடு அதைத் திறந்து பார்க்கும் நேரத்தில் ஆண்டு முடிந்திருக்கும், எதையும் மாற்ற முடியாது. ஷீட் கையில் இருந்தால் நவம்பரிலேயே உங்கள் வரி எங்கே நிற்கிறது என்று தெரியும்.

யாருக்கு இது

மாதச் சம்பளக்காரர்களுக்கு. சொந்தத் தொழில் வருமானம் இல்லாதவர்கள் நிரப்புவது பி.இ. பாரம். அதற்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. இணையத்தில் அனுப்பினால் வழக்கமாக மே 15 வரை தவணை உண்டு. கேட்டரிங், லாரி, கடை என்று தொழில் வருமானம் இருந்தால் பி பாரம், ஜூன் 30. இணையத்தில் ஜூலை 15. தொழில் வைத்திருப்பவர்களுக்கு லாபக் கணக்கு தனியாக வேண்டும், அது இந்தக் கட்டுரைக்குள் அடங்காது.

இ.பி.எஃப். (சேமநிதி) பிடித்தம் போக ஆண்டு வருமானம் 34,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் இருந்தால் வரிக்கோப்பு திறக்க வேண்டும். கோப்பு திறப்பதாலேயே வரி கட்ட வேண்டும் என்று ஆகிவிடாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்குப் பூஜ்யம்தான் வரும்.

கீழே வரும் எண்கள் 2025ஆம் மதிப்பீட்டு ஆண்டுக்கானவை. அதாவது 2025 ஜனவரி முதல் டிசம்பர் வரை சம்பாதித்ததை 2026இல் அறிவிப்பது. வரி விகிதங்கள் 2023இலிருந்து இவைதான். கழிவுகளின் உச்சவரம்பு மட்டும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், அதனால் ஆண்டுதோறும் ஷீட்டில் அந்த ஒரு பத்தியை (மேலிருந்து கீழாக வரும் கட்டங்களை) மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்.

முதல் தாள்: மாதம்

எக்செல் இல்லையென்றால் கவலை வேண்டாம். கூகுள் ஷீட்ஸ் இலவசம், கைப்பேசியிலும் ஓடும். முதல் முறை உருவாக்கும்போது மட்டும் கணினியில் செய்வது நல்லது. கைப்பேசியில் சூத்திரம் தட்டினால் விரல் தவறிவிடும்.

ஒரு சொல்: கட்டங்களின் பெயரையும் சூத்திரங்களையும் இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். ஷீட்டில் அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'சம்' என்றால் கூட்டு. 'மின்' என்றால் இரண்டில் சிறியதை எடு. 'மேக்ஸ்' என்றால் பெரியதை எடு. 'இஃப்' என்றால் 'இப்படி இருந்தால் இது, இல்லாவிட்டால் அது'. இந்த நாலு சொல்லுக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

முதல் தாளுக்கு 'மாதம்' என்று பெயர் வையுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள்: மாதம், அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், அலவன்ஸ், போனஸ், இ.பி.எஃப்., சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) வேலைக் காப்புறுதியும், கடைசியாக பி.சி.பி. இந்த பி.சி.பி.தான் கம்பெனி உங்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்து வாரியத்துக்குக் கட்டும் வரி. இரண்டாவது வரிசை முதல் பதின்மூன்றாவது வரை பன்னிரண்டு மாதங்கள். பதினான்காவது வரிசையில் கூட்டல்: =சம்(பி2:பி13). இதை வலப்பக்கம் இழுத்துவிட்டால் எல்லாப் பத்திக்கும் கூட்டல் வந்துவிடும்.

சம்பளச் சீட்டு வந்த அன்றே ஒரு வரிசையை நிரப்பிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. எழுதும்போது கையில் வந்த தொகையை எழுதாமல் பிடித்தங்களுக்கு முந்தைய தொகையை எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்களில் அதிகம் பேர் இடறுவது இங்கேதான். பேங்கில் விழுந்த தொகையை வருமானம் என்று போட்டுவிட்டு, அப்புறம் இ.பி.எஃப்.ஐ மறுபடியும் கழித்துவிடுகிறார்கள்.

ஆண்டு முடிந்து இ.ஏ. பாரம் கைக்கு வந்ததும் உங்கள் கூட்டலை அதோடு ஒப்பிடுங்கள். பாரத்தில் பி பகுதியில் சம்பள வருமானம், டி பகுதியில் பிடித்த வரி, இ பகுதியில் இ.பி.எஃப்.பும் சொக்சோவும், எஃப் பகுதியில் வரியில்லாத அலவன்ஸ்கள் இருக்கும். வேலை நிமித்தம் சொந்த வண்டியில் போய்வர கம்பெனி கொடுக்கும் பயண அலவன்ஸ் ஆண்டுக்கு 6,000 வெள்ளி வரை வரி இல்லாதது. அது எஃப் பகுதியில் இருந்தால் உங்கள் வருமானத்தில் சேர்க்காதீர்கள்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், பன்னிரண்டு சம்பளச் சீட்டிலும் இருந்த பி.சி.பி.யைக் கூட்டினால் ஒரு தொகை, இ.ஏ. பாரத்தில் வேறு தொகை. இரண்டு மாதப் பிடித்தம் பாரத்தில் விடுபட்டிருந்தது. சீட்டுகளைக் காட்டிக் கேட்டதும் திருத்திக் கொடுத்தார்கள். என்னோடு வேலை செய்த மூன்று பேர் சீட்டைத் தூக்கிப்போட்டிருந்தார்கள். அவர்கள் என் சீட்டைக் காட்டித்தான் தங்கள் பாரத்தையும் திருத்தி வாங்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டிலிருந்து நான் இந்த முதல் தாளை ஒரு மாதம்கூட விட்டதில்லை.

இரண்டாம் தாள்: கழிவு

மைடாக்ஸில் இதை 'பெலெபாசான்' என்பார்கள். கழிவு என்றால் வாரியம் திருப்பிக் கொடுக்கும் காசு என்று நினைப்பவர்கள் நிறைய. "அக்கா, 2,500க்கு போன் வாங்கினா 2,500 திரும்பி வருமா?" என்று கேட்கிறார்கள். வராது. கழிவு உங்கள் வருமானத்தைக் குறைக்கும், குறைந்த வருமானத்துக்குத்தான் வரி. நீங்கள் 6 விழுக்காட்டு வரிப் படியில் இருந்தால் 2,500 வெள்ளிக் கழிவு உங்களுக்கு மிச்சப்படுத்துவது 150 வெள்ளி. அந்த 150க்காக இல்லாத தேவைக்குப் போன் வாங்குவது நஷ்டம்.

நாலு பத்தி போதும். ஏ பத்தியில் கழிவின் பெயர், பி பத்தியில் நீங்கள் செலவழித்தது, சி பத்தியில் உச்சவரம்பு, டி பத்தியில் உங்களுக்குக் கிடைப்பது: =மின்(பி2, சி2). செலவு வரம்பைத் தாண்டினால் வரம்பு வரும், தாண்டாவிட்டால் செலவே வரும். கீழே இழுத்துவிடுங்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் தேவைப்படும் வரிசைகள் இவை.

தனிநபர் கழிவு 9,000. எல்லோருக்கும் உண்டு, ரசீது வேண்டாம். இதற்கு மட்டும் பி பத்தியிலும் 9,000 என்றே போட்டுவிடுங்கள்.

இ.பி.எஃப். 4,000 வரை. ஆயுள் காப்புறுதி தனியாக 3,000 வரை; இ.பி.எஃப்.பில் நீங்களாக விரும்பிப் போடும் கூடுதல் பணத்தையும் இந்த 3,000க்குள் காட்டலாம். அரசாங்கத்தில் ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்த்து 350. சின்னத் தொகை என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். இ.ஏ. பாரத்திலேயே இருக்கிறது, எழுதுவதற்கு என்ன கஷ்டம்?

வாழ்க்கைமுறைச் செலவு 2,500 வரை. புத்தகம், கணினி, கைப்பேசி, உங்கள் பெயரில் வரும் வீட்டு இணையக் கட்டணம் இதில் சேரும். மனைவி, கணவர், பிள்ளைகளுக்காக வாங்கியதும் சேரும். இணைய பில் அப்பா பெயரில் வந்து நீங்கள் கட்டினால் செல்லாது. பெயரை மாற்றிக்கொள்வது நல்லது. விளையாட்டுச் சாமான், ஜிம் கட்டணம் போன்றவற்றுக்குத் தனியாக 1,000 உண்டு.

மருத்துவக் காப்புறுதி, கல்விக் காப்புறுதி இரண்டும் சேர்த்து 4,000. 2024 வரை இது 3,000ஆக இருந்தது. பழைய ஷீட்டை யாரிடமாவது வாங்கிப் பயன்படுத்துகிறவர்கள் இந்த இடத்தைப் பாருங்கள்.

பெற்றோரின் மருத்துவச் செலவு 8,000 வரை. 2025இலிருந்து தாத்தா பாட்டிக்குச் செய்த செலவும் இதில் சேரும். காட்டு வேலை செய்து முழங்காலும் முதுகும் போன பெரியவர்கள் இல்லாத வீடு நம் ஊரில் ஏது? கிளினிக் ரசீது, மருந்து ரசீது எல்லாவற்றையும் மேசை இழுப்பறையில் போட்டு வைக்கிறோம், பாரம் நிரப்பும்போது மறந்துவிடுகிறோம். டாக்டர் சிகிச்சை தேவை என்று உறுதிசெய்ததாக இருக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் சேர்ந்து செலவழித்தால் அவரவர் பெயரில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், ஒரே ரசீதை இரண்டு பேர் காட்ட முடியாது.

பிள்ளைகள்: 18 வயதுக்குக் கீழே ஒவ்வொருவருக்கும் 2,000. 18 தாண்டி உள்நாட்டில் முழுநேரமாக டிப்ளோமா அல்லது அதற்கு மேல் படிக்கும் மணமாகாத பிள்ளைக்கு 8,000. இந்த 8,000ஐ விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை 18ஐத் தாண்டிவிட்டதே, இனிக் கழிவு கிடையாது என்று நினைத்துவிடுகிறார்கள். எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்புக்கு 8,000 வரை, ஆனால் அந்த ஆண்டில் போட்டதிலிருந்து எடுத்ததைக் கழித்த மிச்சம்தான் கணக்கு. வருமானம் இல்லாத மனைவி அல்லது கணவருக்கு 4,000.

இவை போக இன்னும் பல உண்டு. உடற்குறையுள்ளோர், கடுமையான நோய், மேற்படிப்பு, தனியார் ஓய்வுகாலத் திட்டம் என்று வாரியத்தின் பட்டியல் நீளமானது. வாரியத்தின் இணையதளத்தில் இருக்கிறது. ஒரு தடவை முழுக்கப் படித்து உங்களுக்குப் பொருந்துவதை மட்டும் வரிசையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோயில் நன்கொடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திருவிழாவுக்கு 500, கும்பாபிஷேகத்துக்கு 1,000 என்று நம்மவர்கள் மனமாரக் கொடுக்கிறோம். அந்த ரசீதில் வருமான வரி வாரியத்தின் அங்கீகார எண் அச்சிட்டிருந்தால்தான் வரிக்கணக்கில் காட்ட முடியும். எல்லாக் கோயிலுக்கும் அந்த அங்கீகாரம் கிடையாது. கொடுப்பதை இதற்காக நிறுத்த வேண்டாம், ஆனால் அங்கீகாரம் இல்லாத ரசீதை ஷீட்டில் போடவும் வேண்டாம். அங்கீகாரம் உள்ள நன்கொடை, மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை ஏற்றுக்கொள்ளப்படும். அது கழிவுக்கு முன்பே வருமானத்திலிருந்து குறைக்கப்படுவதால் மூன்றாம் தாளில் தனி வரிசையாக வைத்திருக்கிறேன்.

மூன்றாம் தாள்: வரி

பி1இல் மொத்த வருமானம், பி2இல் நன்கொடை, பி3இல் இரண்டாம் தாளின் கழிவுக் கூட்டல். பி4இல் =மேக்ஸ்(0, பி1-பி2-பி3). இந்த பி4தான் வரிக்குரிய வருமானம்.

வருமானம், கழிவு இரண்டையும் முந்தைய தாள்களிலிருந்து இணைத்துவிடுங்கள். பி1இல் சமக்குறி போட்டு, 'மாதம்' தாளுக்குப் போய், வரிக்குரிய பத்திகளின் கூட்டல் கட்டங்களைத் தொட்டு இடையில் கூட்டல் குறி போட்டால் போதும்.

இப்போது படிக்கட்டு. ஏழாவது வரிசையிலிருந்து ஏ பத்தியில் கீழ் எல்லை, பி பத்தியில் மேல் எல்லை, சி பத்தியில் விகிதம்:

0 முதல் 5,000 வரை: 0%
5,000 முதல் 20,000 வரை: 1%
20,000 முதல் 35,000 வரை: 3%
35,000 முதல் 50,000 வரை: 6%
50,000 முதல் 70,000 வரை: 11%
70,000 முதல் 1,00,000 வரை: 19%
1,00,000 முதல் 4,00,000 வரை: 25%

அதற்கு மேலும் படிகள் உண்டு: 6,00,000 வரை 26%, 20,00,000 வரை 28%, அதற்கப்பால் 30%. தேவைப்படுகிறவர்கள் சேர்த்துக்கொள்ளலாம்.

டி7இல் இந்தச் சூத்திரம்: =மேக்ஸ்(0, மின்($பி$4, பி7)-ஏ7)*சி7. இதை டி13 வரை இழுத்துவிடுங்கள்.

இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் மலேசிய வருமான வரியே புரிந்த மாதிரி. உள்ளே இருக்கும் 'மின்' உங்கள் வருமானத்தை அந்தப் படியின் மேல் எல்லையோடு நிறுத்துகிறது. அதிலிருந்து கீழ் எல்லையைக் கழித்தால், உங்கள் வருமானத்தில் அந்தப் படியில் உட்கார்ந்திருக்கும் பகுதி மட்டும் கிடைக்கும். நீங்கள் அந்தப் படிக்கே ஏறவில்லையென்றால் கழித்தல் எதிர்மறையாகப் போகும், வெளியே இருக்கும் 'மேக்ஸ்' அதைப் பூஜ்யமாக்கிவிடும். டாலர் குறி, கீழே இழுக்கும்போது பி4 நகராமல் பிடித்து வைப்பதற்கு.

வாரியத்தின் அட்டவணையில் 5,001, 20,001 என்று இருக்கும். அதைப் பார்த்துக் கீழ் எல்லையில் 5,001 என்று போட்டால் ஒவ்வொரு படியிலும் ஒரு வெள்ளி காணாமல் போகும். 5,000 என்றே போடுங்கள். விகிதத்தில் விழுக்காட்டுக் குறியை விட்டுவிட்டு வெறும் 1, 3, 6 என்று போடாதீர்கள். அப்படிப் போட்டால் வருமானத்தைவிட வரி பெரிதாக வந்து பயமுறுத்தும்.

டி14இல் கூட்டல்: =சம்(டி7:டி13). டி15இல் தள்ளுபடி: =இஃப்(பி4<=35000, 400, 0). வருமானம் இல்லாத துணைக்கான 4,000 கழிவை எடுப்பவர்களுக்கு இன்னொரு 400 உண்டு, அவர்கள் 400க்குப் பதில் 800 போடலாம். முஸ்லிம் அன்பர்கள் கட்டிய சக்காத்தும் இந்தத் தள்ளுபடி இடத்தில்தான் சேரும். டி16இல் =மேக்ஸ்(0, டி14-டி15). டி17இல் முதல் தாளின் பி.சி.பி. கூட்டல். டி18இல் =டி16-டி17. எதிர்மறை எண் வந்தால் அந்தத் தொகை உங்களுக்குத் திரும்பி வரவேண்டியது. நேர் எண் வந்தால் நீங்கள் கட்ட வேண்டியது.

உங்கள் எண்களைப் போடுவதற்கு முன் ஷீட்டைச் சோதித்துப் பாருங்கள். பி4இல் இருக்கும் சூத்திரத்தை எங்காவது நகலெடுத்து வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தில் நேரடியாக 35000 என்று தட்டுங்கள். டி14இல் 600 வர வேண்டும். 50000 தட்டினால் 1,500. 70000க்கு 3,700. 100000க்கு 9,400. நாலும் சரியாக வந்தால் ஷீட் சரி. ஒன்று பிசகினாலும் அந்தப் படியின் எல்லையைப் பாருங்கள், அங்கேதான் தவறு இருக்கும். சோதித்து முடிந்ததும் சூத்திரத்தை மறக்காமல் திரும்பப் போட்டுவிடுங்கள்.

ஓர் உண்மைக் கணக்கு மாதிரி

மணமாகாத ஒரு தம்பி, தொழிற்சாலையில் டெக்னீஷியன் என்று வைத்துக்கொள்வோம். அடிப்படைச் சம்பளம் 4,000, ஆண்டுக்கு 48,000. ஓவர்டைம் மொத்தம் 5,400. போனஸ் ஒரு மாதம், 4,000. ஆக 57,400 வெள்ளி.

கழிவுகள்: தனிநபர் 9,000. இ.பி.எஃப். பிடித்தது 5,700ஐத் தாண்டும், ஆனால் கிடைப்பது 4,000. சொக்சோ வகை 350. ஆயுள் காப்புறுதி 1,800. மருத்துவக் காப்புறுதி 1,320. போன் 1,499, இணையக் கட்டணம் 1,548, கூட்டினால் 3,047, கிடைப்பது 2,500. அம்மாவின் மருத்துவச் செலவு 1,100. பேட்மிண்டன் ராக்கெட்டும் காலணியும் 280. மொத்தக் கழிவு 20,350.

வரிக்குரிய வருமானம் 37,050. முதல் 35,000க்கு 600, மிச்சம் 2,050க்கு 6 விழுக்காடு 123. மொத்தம் 723 வெள்ளி. பி.சி.பி. ஆண்டு முழுக்க 1,145 பிடித்திருக்கிறார்கள் என்றால் 422 வெள்ளி திரும்பி வரவேண்டும். கம்பெனி உங்கள் காப்புறுதி, அம்மாவின் மருத்துவச் செலவு இவற்றையெல்லாம் அறியாமல் பிடிப்பதால்தான் இந்த வித்தியாசம். டி.பி.1 என்றொரு பாரம் உண்டு. அதில் உங்கள் கழிவுகளைக் கம்பெனிக்குத் தெரிவித்தால் மாதப் பிடித்தத்தையே குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த 37,050ஐக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 35,000ஐத் தாண்டிவிட்டதால் 400 வெள்ளித் தள்ளுபடி போய்விட்டது. இன்னும் 2,050 வெள்ளி கழிவு இருந்திருந்தால் வரிக்குரிய வருமானம் சரியாக 35,000ஆகி, 600இலிருந்து 400 போய் வரி வெறும் 200ஆக இருந்திருக்கும். 2,050 வெள்ளியில் 523 வெள்ளி வித்தியாசம்! வேறெந்தப் படியிலும் இப்படி ஒரு பள்ளம் கிடையாது. இந்தத் தம்பி நவம்பரில் ஷீட்டைப் பார்த்திருந்தால் என்ன செய்திருக்கலாம்? ஆயுள் காப்புறுதி வரிசையில் 1,200 இடம் மிச்சம் இருக்கிறது. அவ்வளவையும் இ.பி.எஃப்.பில் விருப்பச் சேமிப்பாகப் போட்டு, மீதி 850ஐத் தனியார் ஓய்வுகாலத் திட்டத்தில் போட்டிருக்கலாம். அதற்கு 3,000 வரை கழிவு உண்டு. இரண்டும் அவர் பணம்தான், எங்கும் போகவில்லை. ஆனால் நினைத்த நேரத்தில் எடுக்க முடியாது. வீட்டில் கடன் இருக்கிறது, அவசரத்துக்குப் பணம் வேண்டும் என்றால் 523 வெள்ளியை விட்டுவிடுவதே நல்லது என்பேன். டிசம்பர் 31க்குள் செய்திருக்க வேண்டிய காரியம் இது. ஏப்ரலில் தெரிந்து பயன் இல்லை.

"சம்பளம் ஏறினா வரியே எல்லாத்தையும் சாப்பிட்டுடுமாமே அக்கா, ஓவர்டைம் வேணாம்னு சொல்லிடவா?" என்று ஒரு தங்கை போன ஆண்டு கேட்டாள். ஷீட்டைத் திறந்து பி4இல் 49950 என்று தட்டச் சொன்னேன். அப்புறம் 50050. நூறு வெள்ளி கூடியது, 11 விழுக்காட்டுப் படிக்கு ஏறியாகிவிட்டது, வரி எவ்வளவு கூடியது? எட்டு வெள்ளி ஐம்பது காசு. புதிய விகிதம் எல்லையைத் தாண்டிய பகுதிக்கு மட்டும்தான். 35,000 எல்லையில் இருக்கும் அந்த ஒரு பள்ளத்தைத் தவிர, ஏறிய சம்பளத்தை வரி விழுங்கிவிடும் என்பது வீண் பயம். அவள் ஓவர்டைமுக்குப் போனாள்.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போனால்

மூன்றாம் தாளை நகலெடுத்து இருவருக்கும் ஒவ்வொன்று வையுங்கள். பிள்ளைக்கான கழிவை யார் எடுப்பது என்பதை ஷீட்டே சொல்லிவிடும். கணவரின் வரிக்குரிய வருமானம் 52,000, மனைவியுடையது 28,000, மகள் டிப்ளோமா படிக்கிறாள் என்று வையுங்கள். 8,000 கழிவைக் கணவர் எடுத்தால், 11 விழுக்காட்டில் 2,000க்கு 220, 6 விழுக்காட்டில் 6,000க்கு 360, ஆக 580 வெள்ளி மிச்சம். மனைவி எடுத்தால்? அவருடைய வரி 390, தள்ளுபடி 400, ஏற்கெனவே பூஜ்யம். 8,000 கழிவும் வீண். பிள்ளையின் பெயரைப் பாரத்தில் எப்போதும் அம்மாதான் போடுவார் என்று பழக்கமாகவே வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஒரு தடவை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள்.

கூட்டாகக் கணக்குக் காட்டுவதா தனித்தனியாகவா என்ற கேள்வியும் அப்படித்தான். இருவருக்கும் நல்ல சம்பளம் இருந்தால் தனித்தனிதான் லாபம், ஏனென்றால் படிக்கட்டின் கீழ்ப்படிகள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும்.

ரசீதுகள்

ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். பாரத்தோடு எதையும் இணைத்து அனுப்ப வேண்டியதில்லை, வாரியம் கேட்டால் காட்ட வேண்டும். கடை ரசீதுத் தாள் நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஆறே மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே படம் பிடித்து, கூகுள் டிரைவில் ஆண்டின் பெயரில் ஒரு கோப்புறையில் போடுங்கள். ஷீட்டின் கழிவுத் தாளில் ஐந்தாவது பத்தி ஒன்று சேர்த்து, அந்தப் படத்தின் இணைப்பை ஒட்டிவிடலாம். ரசீது இல்லாத செலவை ஷீட்டில் ஏற்றாதீர்கள். "யார் வந்து பார்க்கப்போறாங்க" என்று சொல்லி ஏற்றியவர்களுக்கு மூன்றாம் ஆண்டு கடிதம் வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அனுப்பும் நாள்

மைடாக்ஸைத் திறந்து, ஷீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். தளம் மலாயில் இருந்தால் 'பெண்டாபத்தான் பெர்சுக்காய்' என்ற இடத்தில் வருவது உங்கள் பி4ஆக இருக்க வேண்டும். கடைசித் தொகை உங்கள் டி18ஆக இருக்க வேண்டும். சில காசு வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. வெள்ளிக் கணக்கில் வித்தியாசம் வந்தால் அனுப்பும் பொத்தானை அழுத்தாதீர்கள், எந்த வரிசை ஒத்துப்போகவில்லை என்று மேலிருந்து பாருங்கள். பெரும்பாலும் சொக்சோ விடுபட்டிருக்கும், அல்லது பி.சி.பி. தொகையில் ஓர் எண் இடம் மாறியிருக்கும்.

பணம் திரும்பி வரவேண்டியவர்கள் பேங்க் கணக்கு எண்ணை இரண்டு தடவை சரிபாருங்கள். மூடிய கணக்கின் எண் அப்படியே கிடந்து பணம் வராமல் அலைந்தவர்கள் உண்டு. கட்ட வேண்டியவர்கள் கடைசி நாளுக்குள் கட்டிவிடுங்கள், தவறினால் 10 விழுக்காடு கூடிவிடும்.

அனுப்பியதும் வரும் ஒப்புகைச் சீட்டையும் நிரப்பிய பாரத்தையும் பி.டி.எஃப்.ஆக இறக்கி ரசீதுகள் இருக்கும் அதே கோப்புறையில் போடுங்கள். அப்புறம் ஷீட்டை நகலெடுத்து அடுத்த ஆண்டின் பெயரை வைத்து, முதல் தாளின் எண்களையும் கழிவுத் தாளின் பி பத்தியையும் அழித்துவிடுங்கள். தனிநபர் கழிவான 9,000 மட்டும் அப்படியே இருக்கட்டும். சூத்திரங்களில் கை வைக்காதீர்கள். உச்சவரம்புப் பத்தியைப் புதிய ஆண்டின் பட்டியலோடு சரிபார்த்துவிட்டு, இதுவரை வந்த சம்பளச் சீட்டுகளை அன்றே ஏற்றிவிடுங்கள்.